13 வயதில் தொலைகிறவர்கள்

மலேசியாவில் பத்து ஏ வாங்கிய இந்திய மாணவருக்கு இடம் மறுக்கப்பட்டால் நாடே பேசுகிறது. இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான முதலாம் படிவத்திலேயே பள்ளியை விட்டுப் போகிறவனைப் பற்றி யார் பேசுவது?

2013 ஜூலை. நோன்பு மாதம் பிறந்து இரண்டு வாரம் இருக்கும். கோலாலம்பூரை ஒட்டிய சுங்கை பூலோவில் ஒரு தேசியத் தொடக்கப் பள்ளி. இடைவேளை மணி அடிக்கிறது. முஸ்லிம் பிள்ளைகள் நோன்பிலிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போகிறார்கள். ஒட்டினாற்போல் குளிக்கும் இடம், கூப்பிடு தூரத்தில் கழிவறை. அங்கே போட்டிருந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சீருடையோடு, இந்தியப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

அந்தப் படம் ஃபேஸ்புக்கில் ஏறியதும் நாடே பார்த்தது. கேண்டீனில் சீரமைப்பு நடக்கிறது, இட நெருக்கடி, நோன்புக்கு முன்பிருந்தே இந்த ஏற்பாடுதான் என்று விளக்கம் வந்தது. அன்றைய துணைக் கல்வி அமைச்சர் பி. கமலநாதன் பள்ளிக்கே போய்ப் பார்த்தார். எல்லா விளக்கங்களுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. இட நெருக்கடி என்று வந்தால், பள்ளியில் பெரும்பான்மையாக இருக்கும் பிள்ளைகளைக் குளியலறைப் பக்கம் அனுப்ப யாருக்காவது தோன்றியிருக்குமா?

அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு செய்தி. உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் ஏறத்தாழ 40,000 பேர். அவர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர்கள். நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர்களின் பங்கோ 7 விழுக்காடுதான்.

முதல் செய்தி இன்றும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவதைப் பேச சமூகத்துக்குக் கூச்சம். ஆனால் டப்பாச் சோறு சாப்பிட்ட பிள்ளையின் வயதுக்கும் பட்டியலில் இருக்கும் இளைஞனின் வயதுக்கும் நடுவே ஐந்தாறு வருடப் பள்ளிப் படிப்பு இருக்கிறது. அந்த ஐந்தாறு வருடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பத்து ஏ-க்காக எழும் குரல்

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த கையோடு ஒரு சடங்குபோல இது நடக்கிறது. ஐந்தாம் படிவம் முடித்த ஓர் இந்திய மாணவியோ மாணவரோ எல்லாப் பாடங்களிலும் ஏ வாங்கியிருப்பார். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பித்திருப்பார். இடம் கிடைத்திருக்காது. தமிழ் நாளிதழின் முதல் பக்கத்தில் தேர்வு முடிவுத் தாளோடு படம் வரும். அரசியல்வாதிகள் அறிக்கை விடுவார்கள். மேல்முறையீடு, சிறப்பு ஒதுக்கீடு, நன்றி அறிவிப்பு, மறு ஆண்டு மீண்டும் அதே படம்.

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளையிடம், நீ வாங்கிய மதிப்பெண்ணைவிட உன் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் இனம்தான் முக்கியம் என்று ஓர் அரசாங்கம் சொல்வது எந்தக் காலத்திலும் சரியாகாது. 2024இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அரசாங்கம் ஒரு படி இறங்கி வந்தது. பத்து ஏ-யும் அதற்கு மேலும் வாங்கிய எல்லோருக்கும் இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். எஸ்.பி.எம். எழுதும் நூறு பேரில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்குகிறவர்கள் மூன்று நான்கு பேர். தேர்வுக் கூடத்துக்கே வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தின் 2021 தேர்வுக்குப் பதிந்தும் வராதவர்கள் மட்டும் 24,000க்கும் மேல். அதற்கும் முன்பே பள்ளியை விட்டவர்கள் பதிவேட்டிலேயே இல்லை. சமூகத்தின் குரலெல்லாம் உச்சியில் இருக்கும் மூன்று நான்கு பேருக்காகச் செலவாகிறது. அடியில் இருப்பவனுக்குப் பரிந்து பேச ஆளில்லை.

■ பெட்டி: இரண்டு வாசல்கள்

மலேசியப் பொதுப் பல்கலைக்கழகத்துக்குள் போக முக்கியமாக இரண்டு வாசல்கள். ஒன்று, மெட்ரிகுலேஷன்: பெரும்பாலோருக்கு ஒரே ஆண்டு, தேர்வை நடத்துவதும் அந்த அமைப்பே. இன்னொன்று எஸ்.டி.பி.எம்.: ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, நாடு தழுவிய பொதுத் தேர்வு, கடினமானது என்று பெயர் வாங்கியது.

பல்கலைக்கழக இடங்களுக்கான இன ஒதுக்கீடு 2002இல் எடுக்கப்பட்டுத் தகுதி முறை வந்தது. ஆனால் மெட்ரிகுலேஷன் வாசலில் ஒதுக்கீடு நின்றது. 2003இலிருந்து 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்களும் பூர்வகுடிகளும்), 10 விழுக்காடு மற்றவர்களுக்கு. 2019இல் இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆகக் கூட்டப்பட்டன, விகிதம் மாறவில்லை. யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகம் இன்றும் மலேசியர்களில் பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே. 2024இல் இதய அறுவை மருத்துவர் பற்றாக்குறைக்காக ஒரே ஒரு மேற்படிப்பை மற்றவர்களுக்குத் திறக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, மாணவர்கள் கறுப்புச் சட்டை அணிந்து எதிர்த்தார்கள்.

தோட்டத்துப் பள்ளியின் சுவர்கள்

மலாயாவில் தமிழ் வகுப்பு முதன்முதலில் தொடங்கியது 1816இல், பினாங்கு ஃபிரீ ஸ்கூலில். ஆனால் தமிழ்ப்பள்ளிகள் பெருகியது ரப்பர்த் தோட்டங்களில்தான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. தோட்டத் துரைமார் வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்ற அளவுக்கு. பால்மரம் வெட்டுகிறவர் மகன் பால்மரம் வெட்ட வேண்டும் என்பதே கணக்கு.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் கிராணி (எழுத்தர்) வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போனார்கள். வக்கீல்கள், டாக்டர்கள் அங்கிருந்து வந்தார்கள். மலேசிய இந்தியர் என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் சமூகத்துக்குள் நூறாண்டுக்கு முன்பே போடப்பட்ட கோடு இது. இன்றைக்கும் அழியவில்லை.

1957இல் ஏறத்தாழ 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530ஐ ஒட்டி. பல பள்ளிகளின் நிலம் இன்னமும் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் அரசின் முழு உதவி கிடைப்பதில்லை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் கைமாறியபோது, 80களிலும் 90களிலும் லட்சக்கணக்கானோர் தோட்டத்து லய வீடுகளை விட்டு நகரத்து ஓரங்களுக்கு வந்தார்கள். வேலை, வீடு, கோயில், பள்ளி நான்கையும் ஒரே நாளில் இழந்தவர்கள் அவர்கள். 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, இனம் பாராமல் வறுமையை ஒழிப்போம் என்று காகிதத்தில் சொன்னது. நிலமும் உதவித்தொகையும் விடுதிப் பள்ளியும் பெரும்பாலும் பூமிபுத்ராக்களுக்கே போய்ச் சேர்ந்தன.

முதலாம் படிவத்தின் முதல் நாள்

ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. கணக்கும் அறிவியலும் தமிழில். ஆசிரியருக்குப் பிள்ளையின் அப்பா பெயர் தெரியும், பாட்டியின் உடம்பு சுகம் தெரியும். வகுப்பில் எல்லோரும் தன்னைப் போலத்தான். பதின்மூன்றாவது வயதில் இடைநிலைப் பள்ளி. அங்கே எல்லாம் மலாய்.

நேற்று வரை பின்னம் என்று படித்தது இன்று பெச்சாஹான். பெருக்கல், டாராப். அடர்த்தி, கெதும்பாத்தான். விடை தெரிந்த பிள்ளைக்குக் கேள்வி புரியாது. கையைத் தூக்கிக் கேட்கலாம். கேட்டால் முப்பது முகங்கள் திரும்பிப் பார்க்கும். பெரும்பாலான பிள்ளைகள் கேட்பதில்லை.

மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லாத பிள்ளைக்கு ரிமூவ் வகுப்பு. பெராலிஹான் என்று பள்ளியில் பெயர். தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் ஒரு வருடம் மொழி கற்க வேண்டும். ஏற்பாட்டின் நோக்கம் நல்லது. ஆனால் நடப்பில் பலருக்கு அது ஒரு முத்திரை. தன்னோடு படித்த தோழன் ஒரு வகுப்பு மேலே போய்விட, தான் மட்டும் பின்தங்கியவர்களின் அறையில் இருப்பதாக அந்தப் பையன் நினைக்கிறான். வீட்டில் அம்மா தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவன் தூங்கிவிடுகிறான்; அவன் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா காவலாளி வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டார். டியூஷனுக்குக் காசில்லை. டியூஷன் இல்லாமல் அந்த வருடத்தைத் தாண்டுவது கடினம்.

இனமும் வர்க்கமும் சந்திக்கும் இடம் இதுதான். இதே வயதில், இதே மலாய் மொழி வகுப்பில், கணக்காளர் மகளும் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தடுமாற்றம் ஒரு பருவம்தான். வாரம் இரண்டு மாலை டியூஷன், வீட்டில் ஆங்கிலம், வாசிக்கப் புத்தகம். அவளும் இந்தியர்தான். இனப் பாகுபாடு அவளையும் ஒருநாள் மெட்ரிகுலேஷன் வாசலில் தடுக்கலாம். அதுவரை அவள் நடந்துவிடுவாள். இவனால் அந்த வாசல் வரைக்கும் நடக்கவே முடிவதில்லை.

சின்னச் சின்னப் பிரிவுகள் வேறு. மலாய் மாணவர்கள் நிறைந்த பள்ளியில் இஸ்லாமியக் கல்வி நேரம் வந்தால், நன்னெறிப் பாடத்துக்குப் போகும் நான்கைந்து பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு காலியாக இருக்கும் அறையைத் தேடிப் போவார்கள். சில நாள் நூலகம், சில நாள் கேண்டீன் மேசை. யாரும் அவர்களைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனாலும் வாரம் தவறாமல், எழுந்து வெளியே போக வேண்டியவர்கள் தாங்கள்தான் என்று அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

படிப்பு நின்றபின் என்ன?

மலாய் மொழியில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. 2013இலிருந்து வரலாற்றுப் பாடத்துக்கும் அதே விதி. மலாயில் எழுத வராத பிள்ளைக்கு வரலாறும் ஒரு மொழித் தேர்வுதான். சான்றிதழ் இல்லாதவனுக்கு அரசு வேலை இல்லை, பெரும்பாலான தொழிற்பயிற்சிக் கல்லூரியும் இல்லை. லாரி கிளீனர், பெட்ரோல் நிலையம், உணவு விநியோக மோட்டார் சைக்கிள். ஜொகூரில் இருந்தால், விடியும் முன் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் வேலை.

அதற்கும் முன்பே அண்ணன்மார் வந்துவிடுகிறார்கள். கும்பலில் சேர்வதற்குச் சான்றிதழ் கேட்பதில்லை, மலாய் கேட்பதில்லை. பள்ளியில் கிடைக்காத மரியாதையை முதலில் தருவதும் அவர்கள்தான். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ திரைப்படம், தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பத்தின் 12 வயது அப்போய் இந்த வழியில் எப்படி நகர்கிறான் என்பதைக் காட்டியது. கெட்டிக்காரப் பையன், கற்பனை உள்ளவன், அதற்காகவே அடி வாங்குகிறவன். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படமாக அறிவிக்கப்பட்டது.

இன்னொரு கூட்டம் பள்ளிப் பதிவேட்டை எட்டுவதற்கே போராடுகிறது. கோயிலில் தாலி கட்டி, பதிவு அலுவலகம் போகாத திருமணங்கள் தோட்டப் புறங்களில் நிறைய. சட்டப்படி பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பின்பற்றும். தாய் வெளிநாட்டவர் என்றாலோ, தாய்க்கே ஆவணம் இல்லை என்றாலோ, இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த பிள்ளை நாடற்றவனாகிறான். 2011இல் ‘மைடஃப்தார்’ என்ற பெயரில் அரசே முன்வந்து விண்ணப்பம் வாங்க வேண்டியிருந்தது என்றால், சிக்கல் எவ்வளவு ஆழம் என்று புரியும்.

ஒரு பாடநூல் கிளப்பிய புயல்

2011. தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேன் 1971இல் வெளியிட்ட ‘இன்டர்லோக்’ நாவல், சில மாநிலங்களில் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலானது. அதில் தமிழகத்திலிருந்து வந்தவர்களைச் சாதிப் பெயரால் குறித்த இடங்கள் இருந்தன. இந்திய அமைப்புகள் கொதித்தன. அரசு குழு போட்டது, திருத்தம் பேசியது, ஆண்டு முடிவில் நூலையே திரும்பப் பெற்றது.

அரசியல் அரங்கில் இது வெற்றி. வகுப்பறையில் நடந்தது வேறு. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் முன்னோரைப் பற்றிய அந்த வரிகளை, மற்ற இனத்து நண்பர்கள் சூழ, சத்தமாகப் படித்து விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் எதுவும் தயார் செய்திருக்கவில்லை.

இதில் நாம் பேசாத இன்னொரு பக்கமும் உண்டு. எதிர்ப்புக் குரல்களில் சில, எங்களை எல்லாம் அந்தச் சாதி என்று எப்படிச் சொல்லலாம் என்ற தொனியில் ஒலித்தன. அந்தச் சாதியில் பிறந்த மாணவன் அதே கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தான். பெரும்பான்மையிடம் சிறுபான்மை கேட்கும் மரியாதையைத் தன் வீட்டுக்குள்ளேயே ஒருவனுக்கு மறுத்தால், கேட்கும் குரலுக்கு எங்கிருந்து வலு வரும்?

பணம் கொடுத்தால் மறையும் இனம்

2012இல் சர்வதேசப் பள்ளிகளில் மலேசியப் பிள்ளைகளுக்கான 40 விழுக்காட்டு உச்சவரம்பு நீக்கப்பட்டது. அதன்பின் அந்தப் பள்ளிகள் வேகமாகப் பெருகின. போய்ப் பார்த்தால் மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். அமைச்சர்கள் மேடையில் கனவு காணும் ஒற்றுமை அங்கே இருக்கிறது. ஆண்டுக்குப் பல்லாயிரம் ரிங்கிட் கட்ட முடிந்த எல்லா இனத்தாருக்கும்.

அரசுப் பள்ளிகளிலோ பிரிவினை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. கல்வி அமைச்சின் சொந்தக் கணக்குப்படி 2011இல் சீனப் பிள்ளைகளில் 96 விழுக்காட்டினர் சீனத் தொடக்கப் பள்ளியில். இந்தியப் பிள்ளைகளில் 56 விழுக்காட்டினர் தமிழ்ப்பள்ளியில்; 2000இல் இது 47தான். தேசியப் பள்ளி எல்லோருக்குமான பள்ளியாக இருந்திருந்தால் இவ்வளவு பெற்றோர் விலகிப் போயிருக்க மாட்டார்கள். தமிழ், சீனப் பள்ளிகளே அரசமைப்புக்கு முரண் என்று தொடுக்கப்பட்ட வழக்குக்கு 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி மறுத்து முற்றுப்புள்ளி வைத்தது. தமிழ்ப்பள்ளி இருக்கும். அதிலிருந்து வெளியேறும் பிள்ளைக்கு வழி இருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி.

மலாய்க்காரர் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுதந்திரத்தின்போது நகரத்து நல்ல பள்ளிகளில் கிராமத்து மலாய்ப் பிள்ளைகள் மிகக் குறைவு. மலாய் மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருகியது ஒதுக்கீட்டால்தான். கையிலிருப்பது போய்விடுமோ என்ற அவர்களின் அச்சம் பொய்யல்ல. ஆனால் இன்று அந்த ஒதுக்கீட்டை வசதியான மலாய்க் குடும்பத்துப் பிள்ளையும் எடுத்துக்கொள்கிறது. மீனவர் மகனும் அதற்காகவே வரிசையில் நிற்கிறான்.

■ பெட்டி: பூமிபுத்ரா என்ற பெயர் இருந்தும்

2015 ஆகஸ்ட் 23. கிளந்தான் மாநிலத்தின் காட்டுப் பகுதியான போஸ் தோஹோயில் ஒரு தொடக்கப் பள்ளி விடுதி. ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடிப் பிள்ளைகள் ஏழு பேர் காட்டுக்குள் ஓடினார்கள். ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்ற பயம். 47 நாள் கழித்து இரண்டு சிறுமிகள் எலும்பும் தோலுமாக உயிரோடு மீட்கப்பட்டார்கள். மற்ற ஐந்து பிள்ளைகளும் இறந்துவிட்டார்கள்.

சட்டப்படி சலுகைக்கு உரியவர்கள் அவர்கள். ஆனால் ஏழைகள், காட்டு மக்கள், ஆசிரியரின் மொழியும் பழக்கமும் அறியாதவர்கள். பள்ளிக்கூடத்தைவிடக் காடு பாதுகாப்பானது என்று ஏழு பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்கிறது. இன ஒதுக்கீட்டு விவாதம் நடக்கும் எந்த மேடையிலும் இந்தப் பிள்ளைகளின் பேச்சு வருவதில்லை.

கைகொடுப்பவர்கள்

1982இல் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், வார இறுதி டியூஷனை ஓர் இயக்கமாகவே நடத்திவருகிறது. பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போவது இவர்கள் வழக்கம். படிப்பைக் குடும்பத்தின் வேண்டுதலாக்கியது பெரிய காரியம். இங்கே படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் திரும்பி வந்து பாடம் எடுக்கிறார்கள்.

அரசிடமும் சில அசைவுகள். சுங்கை பூலோ படத்துக்குப் பதினோரு ஆண்டு கழித்து, 2024 நோன்பு மாதத்தில், நோன்பிருக்காத பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கேண்டீன்கள் திறந்திருக்க வேண்டும் என்று கல்வி அமைச்சர் ஃபட்லினா சிடேக் அறிவித்தார். எதிர்ப்பும் வந்தது, அவர் பின்வாங்கவில்லை. இந்தியச் சமூகத்துக்கென உள்ள மித்ரா என்ற அரசுப் பிரிவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்படுகிறது. அதில் எவ்வளவு 13 வயதுப் பிள்ளையின் மலாய்ப் பாடத்துக்குப் போகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம் மட்டுமல்ல. தமிழ்ப்பள்ளியின் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலேயே கேட்கலாம். நம் பள்ளியிலிருந்து சென்ற ஆண்டு எத்தனை பேர் ரிமூவ் வகுப்புக்குப் போனார்கள்? ஐந்து ஆண்டு முன்பு போனவர்களில் எத்தனை பேர் எஸ்.பி.எம். எழுதினார்கள்? ஆறாம் ஆண்டின் கடைசி மூன்று மாதம், கணக்கையும் அறிவியலையும் மலாய்ச் சொற்களோடு ஒருமுறை சொல்லித்தர ஆசிரியர் உண்டா? இடைநிலைப் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோருக்கு இன்னொன்று: தேசியப் பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் எழுதிக் கேட்டால் தமிழ் வகுப்பு வைக்கக் கல்விச் சட்டத்தில் இடம் உண்டு. பதினைந்து கையெழுத்தைச் சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.